குறிப்பெடுக்கும் பிள்ளை கிளாக்கர் அல்ல

ரோபோப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் எங்கள் கரையோரத்து ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு கருத்து ஊறிக் கிடக்கிறது. சோல்டர் பிடிப்பவனும் புரோகிராம் எழுதுபவனும்தான் அணி. மற்ற அணிகள் ஓடுவதைப் பார்த்துக் கொப்பியில் குறித்து, எக்ஸலில் ஏற்றி, இடை கண்டு, ஒழுங்குபடுத்துவதெல்லாம் மெனக்கெட்ட வேலை, கிளாக்கர் வேலை. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் அதைக் களவு என்பார்கள். பொத்துவிலிலும் கேட்டிருக்கிறேன், அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் கேட்டிருக்கிறேன், எங்கள் கோமாரியில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நல்ல மனத்தோடு சொல்லப்படும் கருத்துத்தான். ஆனாலும் அது முழுப் பிழை. கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து போகும் பிள்ளைக்கு அந்த மண்டபத்தில் மற்றவர்களோடு சரிசமமாகக் கிடைக்கும் ஒரே வாய்ப்பை அது பறித்துவிடுகிறது.

இந்த விரிதாள் வேலை எங்கே, எதற்காக வளர்ந்தது என்று பார்த்தால்தான் விவாதம் நேராகும். டீன் கேமன் 1989இல் அமெரிக்காவில் ஃபர்ஸ்ட் அமைப்பைத் தொடங்கினார். அதன் முதல் ரோபோப் போட்டி 1992இல் நியூஹாம்ஷையர் மாநிலத்தில் ஒரு பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்தில் 28 அணிகளோடு நடந்தது. இன்று அந்தப் போட்டியில் ஒரு ஆட்டம் ஏறக்குறைய இரண்டரை நிமிடம். களத்தில் ஆறு ரோபோக்கள், பக்கத்துக்கு மூன்று. தகுதிச்சுற்றில் யாரோடு யார் சேர்ந்து ஆடுவது என்பதை அட்டவணை தீர்மானிக்கும். உங்கள் விருப்பம் அங்கே செல்லாது. அந்தச் சுற்று முடிந்ததும் முன்னணியில் நிற்கும் அணிகள் தங்கள் கூட்டாளிகளைத் தாங்களே தெரிவு செய்ய வேண்டும்.

சிக்கல் அங்கேதான். தரப்பட்டியலில் முப்பதாவது இடத்தில் கிடக்கும் அணி உண்மையில் மிக நல்ல அணியாக இருக்கலாம். துணைக்கு வந்த ரோபோக்கள் படுத்துவிட்டதால் அது கீழே போயிருக்கும். ஐந்தாவது இடத்தில் நிற்பது மற்றவர்களின் முதுகில் ஏறி வந்ததாகவும் இருக்கலாம். அறிவிப்புப் பலகையில் தெரிவது மூவரின் கூட்டுப்புள்ளி மட்டும். ஆகவே ஆறு பிள்ளைகள் பார்வையாளர் பக்கம் அமர்ந்து, ஆளுக்கொரு ரோபோவைக் கண் எடுக்காமல் பார்த்து, அது என்ன செய்தது, எங்கே நின்றது என்று நாள் முழுக்கக் குறிக்கிறார்கள். மாலையில் அந்தக் குறிப்புகள் ஒரு விரிதாளுக்குள் போகின்றன. கூட்டாளியைத் தெரிவு செய்ய அணித்தலைவன் எழுந்து போகும்போது கையில் கொண்டுபோவது அந்தத் தாளைத்தான்.

இந்தக் கலையை வளர்த்தவர்களில் ஒருவர் தமிழ்ப் பெயர்க்காரர் என்பது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செயின்ட் கத்தரின்ஸ் நகரப் பாடசாலை அணியான 1114, சிம்பொட்டிக்ஸ் என்று பெயர் பெற்றது. 2008இல் ஃபர்ஸ்ட் போட்டியின் உலகப் பட்டத்தை வென்ற கூட்டணியில் இருந்தது. அதன் வழிகாட்டியாக நெடுங்காலம் இருந்தவர் கார்த்திக் கனகசபாபதி. எல்லா அணிகளின் பெறுபேறுகளையும் ஒரு பெரிய எக்ஸல் கோப்பாகத் தொகுத்து, தங்களுக்குள் வைத்துக்கொள்ளாமல் எவரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார்கள். பலமான அணி தன் கையிலுள்ள விவரத்தைப் பலவீனமான அணிக்கும் கொடுக்கிறது. களவு என்று சொல்பவர்கள் இந்த ஒன்றையாவது யோசிக்க வேண்டும். களவெடுத்த பொருளைச் சந்தியில் வைத்து யாரும் இனாமாகக் கொடுப்பதில்லை.

கூட்டுப்புள்ளியிலிருந்து தனி ரோபோவின் பங்கைப் பிரித்தெடுக்கும் கணக்கும் இந்த வட்டாரத்தில்தான் பிறந்தது. பெரிய வித்தை என்று பயப்பட வேண்டாம். அ, ஆ, இ என்று மூன்று ரோபோக்கள். அ-வும் ஆ-வும் சேர்ந்து ஆடியபோது 50 புள்ளி. அ-வும் இ-யும் சேர்ந்தபோது 40. ஆ-வும் இ-யும் சேர்ந்தபோது 30. மூன்றையும் கூட்டினால் 120. ஒவ்வொருவரும் இரு தடவை வந்திருப்பதால் மூவரின் மொத்தம் 60. இப்போது அ 30, ஆ 20, இ 10 என்று விழுந்துவிடும். சாதாரண தரக் கணிதத்தில் வரும் ஒருங்கமை சமன்பாடுதான் இது. உண்மைப் போட்டியில் ரோபோக்களும் கூட, சமன்பாடுகளும் கூட. எல்லாவற்றுக்கும் ஆகக் கிட்டிய விடையைக் கணினி தேடித் தரும். பரீட்சைத் தாளில் இக்கணக்கைச் செய்து பத்துப் புள்ளி வாங்கும் பிள்ளை, “இது எதுக்கு சேர் படிக்கிறம்?” என்று கேட்காமல் இருந்தால்தான் அதிசயம். அந்தக் கேள்விக்கான பதில் இந்த மண்டபத்தில் இருக்கிறது. அதைக் கிளாக்கர் வேலை என்று தள்ளிவிட்டு, கணிதத்தில் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று நாமே ஒப்பாரி வைக்கிறோம்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது: “இதெல்லாம் அமெரிக்கப் போட்டிக்குச் சரி. எங்கட போட்டியில கூட்டணி ஏது? ரோபோ தனியத்தானே ஓடுது.” கேட்கும்போது நியாயமாகத்தான் தெரியும். ஸ்லிட் நிறுவனத்தின் ரோபோஃபெஸ்ட், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.எல்.ஆர்.சி. போன்ற இலங்கைப் போட்டிகளில் ரோபோ பெரும்பாலும் தனியேதான் ஓடும்: கோட்டைப் பின்தொடர வேண்டும், சுவரை ஒட்டிப் போக வேண்டும், சிக்கற்பாதையில் வழி கண்டுபிடிக்க வேண்டும். 2004இல் சிங்கப்பூரில் தொடங்கிய உலக ரோபோ ஒலிம்பியாட்டின் வழக்கமான ஆட்டங்களும் அப்படித்தான். கூட்டாளியைத் தெரிய வேண்டியதில்லை என்றால் மற்றவனைப் பார்த்து எழுத என்ன தேவை?

அந்தத் தேவையை நான் நேரில் கண்டேன். கோடு தொடரும் போட்டியொன்றில் எங்கள் அணியோடு வந்த ஒரு பிள்ளை மற்ற அணிகளின் ஓட்டங்களைக் குறித்துக்கொண்டிருந்தாள். சி.ஆர். கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கீறிய நிரல்கள்: அணி, எத்தனையாவது ஓட்டம், எத்தனை மணி, எந்த வளைவில் கோட்டை விட்டது, மீண்டும் பிடித்ததா. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் தொலைபேசியில் ஒரு விரிதாளாக அடித்து, நேரப்படி ஒழுங்குபடுத்தினாள். காலையில் மூன்றாவது வளைவில் கோட்டை விட்டவர்கள் மிகச் சொற்பம். இரண்டு மணிக்குப் பிறகு ஓடியவர்களில் பெரும்பாலானோர் அதே வளைவில் போயிருந்தார்கள். ஆண் பிள்ளைகள் இருவர் மோட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கோளாறு அங்கேதான் என்பது அவர்கள் முடிவு. அவள் கொப்பியோடு எழும்பிப் போய் அந்த வளைவைக் குனிந்து பார்த்தாள். மேற்குப் பக்க யன்னலால் வந்த வெயில் சரியாக அந்த இடத்தில், கோடு போட்ட போட்டிப் பாயில் விழுந்துகொண்டிருந்தது.

கோட்டைப் பார்க்கும் சென்சர் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதை அளக்கிறது. வெயிலிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு. சென்சருக்குக் கறுப்பும் வெள்ளையும் ஒன்றாய்ப் போய்விடும். பிள்ளைகள் மோட்டரை விட்டுவிட்டு, கறுப்பு மட்டையைக் கத்தரித்துச் சென்சரைச் சுற்றிப் பாவாடை போல ஒட்டினார்கள். ஓட்டத்துக்கு முன் அந்த வெளிச்சத்திலேயே அளவை மீண்டும் சரிபார்த்தார்கள். ரோபோ மூன்றாவது வளைவைத் தாண்டிப் போனது. பரிசு கிடைக்கவில்லை; அது வேறு கதை. என் கேள்வி இதுதான்: அன்று அந்த மண்டபத்தில் ஒரு பொறியியலாளரின் வேலையைச் செய்தது யார்? மோட்டரைக் கழற்றியவர்களா, நேரத்துக்கு ஒரு நிரல் கீறியவளா?

தனியே ஓடும் போட்டியில் மற்ற அணிகளின் ஒவ்வோர் ஓட்டமும் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒரு பரிசோதனை. உங்கள் ரோபோவுக்கு இரண்டு மூன்று வாய்ப்புத்தான் தருவார்கள். மற்ற எல்லாரும் ஓடுவது அதே பாயில், அதே மண்டபத்தில். பற்றரி இறங்கியதும் யாருடைய ரோபோ எந்த ஓட்டத்தில் வேகம் குறைந்தது, சந்தியில் எவை திணறின, நின்று நிதானமாகப் போனது எது, பறந்து போய்த் தடுமாறியது எது என்பதெல்லாம் கண்முன்னே நடக்கிறது. அதை எழுதாமல் இருப்பவன் தன் இரண்டு ஓட்டங்களோடு வீடு திரும்புகிறான். எழுதுபவன் அத்தனை அணியின் ஓட்டங்களோடும் திரும்புகிறான். தவிர, கூட்டணிப் போட்டி எங்களுக்கு எட்டாததும் அல்ல. 2017இல் வாஷிங்டனில் தொடங்கிய ஃபர்ஸ்ட் குளோபல் போட்டியில் நாடுகள் கூட்டணி சேர்ந்துதான் களம் இறங்குகின்றன. இலங்கைப் பிள்ளைகளும் அதற்குப் போயிருக்கிறார்கள். 2019இல் துபாயில் அப்போட்டி எடுத்துக்கொண்ட பொருள் கடலில் சேரும் குப்பை. கோமாரிக் கரையில் வளரும் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான பொருள் ஒன்று உண்டா?

இரண்டாவது வாதம் பணம். “கொழும்புப் பள்ளிக்கூடங்களிட்டக் காசு இருக்கு, லெகோ செட் இருக்கு, கோச் இருக்கு. நாம கொப்பி எழுதி என்ன கிழிக்கப் போறம்?” லெகோ ரோபோத் தொகுப்பு ஒன்றின் விலை எங்கள் ஆசிரியர் ஒருவரின் மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும் என்பது உண்மை. அந்த அநீதிக்காக வலயத்திடமும் மாகாணத்திடமும் சண்டை பிடிக்கத்தான் வேண்டும், நானும் பிடிக்கிறேன். ஆனால் போட்டி நாளன்று காலையில் அந்தச் சண்டையால் பயனில்லை. அன்று மண்டபத்துக்குள் நுழையும்போது பணக்காரப் பாடசாலைக்கும் எங்களுக்கும் ஒரே விலையில் கிடைக்கும் பொருள் ஒன்றே ஒன்றுதான்: பார்த்து எழுதும் கண். கொப்பிக்கும் பேனைக்கும் ஆகும் காசு ஒரு சென்சரின் காசுகூட இல்லை. விரிதாள் செயலி தொலைபேசியில் இலவசம். காசில்லை என்ற காரணத்தைச் சொல்லியே காசு தேவைப்படாத ஒன்றையும் விட்டுவிடச் சொல்லும் வாதம் என்னை உண்மையாகவே கோபப்படுத்துகிறது.

கனகசபாபதி அணிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த பாடமும் எங்களைப் போன்றவர்களுக்கே பொருந்தும்: உங்கள் சக்திக்குள் நின்று செய்யுங்கள், ஐந்து வேலையை அரைகுறையாகச் செய்யும் ரோபோவைவிட மூன்று வேலையைத் திருத்தமாகச் செய்யும் ரோபோ மேல். எந்த மூன்று என்பதை எப்படித் தெரிவது? விதிப்புத்தகத்தை எடுத்து, ஒவ்வொரு பணிக்கும் எத்தனை புள்ளி, எத்தனை செக்கன் பிடிக்கும், தவறினால் என்ன தண்டம் என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்துத்தான். 1996 கிரிக்கெட் உலகக் கிண்ணத்தில் ஜயசூரியவும் களுவிதாரணவும் முதல் பதினைந்து ஓவர்களில் அடித்த அடியைப் பற்றி இன்றைக்கும் எங்கள் கடைத்தெருக்களில் பேசுகிறார்கள். அந்த ஓவர்களுக்கான களத்தடுப்புக் கட்டுப்பாட்டு விதி அன்று எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். அதில் எத்தனை ஓட்டம் ஒளிந்திருக்கிறது என்று கணக்குப் பார்த்தவர்கள் கிண்ணத்தோடு வந்தார்கள். கிரிக்கெட்டில் எதிரணிப் பந்துவீச்சாளரைக் குறித்து வைத்தால் கெட்டிக்காரத்தனம், ரோபோவில் குறித்து வைத்தால் களவு என்பது எந்த ஊர் நியாயம்?

களவு என்ற சொல்லை ஒரு மாணவியே என்னிடம் சொன்னாள்: “மற்றவங்கட கொப்பியப் பாத்து எழுதுற மாதிரித்தானே சேர் இது?” நாங்கள் ஊட்டிய பயம் அது. பரீட்சை மண்டபத்தில் பக்கத்துக் கொப்பியைப் பார்ப்பது பிழை, ஏனென்றால் அது மறைத்து வைக்கப்பட்டது. போட்டிக் களத்தில் ரோபோ எல்லார் முன்னிலையிலும் ஓடுகிறது. பார்ப்பதற்காகவே கதிரை போட்டிருக்கிறார்கள். மறைவாக ஒன்றும் வேண்டாம். நேரே அந்த அணியிடம் போய், “தம்பி, உங்கட சென்சர் தரையில இருந்து எவ்வளவு உயரம்?” என்று கேட்கலாம். பத்துக்கு எட்டுப் பேர் சந்தோசமாகச் சொல்வார்கள். எம்.ஐ.டி. பேராசிரியர் வூடி ஃபிளவர்ஸ் ஃபர்ஸ்ட் போட்டிகளில் வேரூன்றச் செய்த பண்பே இதுதான்: முழு மூச்சோடு போட்டியிடு, ஆனால் எதிராளியை மதி, கேட்டால் உதவு. கேட்டதை எழுதிக்கொள்வதும் அந்த மரியாதையின் பகுதி.

மூன்றாவது வாதத்தை அப்படி உதறிவிட முடியாது. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகள் சேர்ந்த அணிகளில் வழமையாக நடப்பது என்ன? பொடியன்கள் ரோபோவைச் சுற்றி நிற்பார்கள். பெட்டைகளுக்குப் போஸ்டர் ஒட்டும் வேலையும் எழுதும் வேலையும். “விரிதாளை மேலே தூக்கிவைத்தால் இந்தப் பிரிவினைக்கு நீங்களே முத்திரை குத்துகிறீர்கள்” என்று ஒரு ஆசிரியை சொன்னார். அவர் காட்டிய நோய் உண்மை; மருந்துதான் வேறு. எழுதுபவளுக்குப் பேச்சுரிமை இல்லாதபோதுதான் எழுத்து கிளாக்கர் வேலையாகிறது. கொப்பியை வாங்கி வைத்துவிட்டு, முடிவை மட்டும் மற்றவர்கள் எடுத்தால், அது கட்டாயம் அடிமை வேலை. என் அணியில் இப்போது விதி இதுதான்: குறிப்பெடுப்பவர் மாறி மாறி வருவார், சோல்டர் பிடித்த பொடியனும் ஒரு சுற்றுக்குக் கொப்பியோடு உட்கார வேண்டும், அடுத்த ஓட்டத்துக்கு என்ன மாற்றுவது என்ற பேச்சில் முதலில் வாய் திறப்பவர் கொப்பி வைத்திருப்பவர். இந்த விதி வந்த பிறகு கொப்பிக்கு அடிபடுகிறார்கள்.

நான்காவது, ஆகப் பலமான எதிர்ப்பு: எண்கள் பொய் சொல்லும், எங்கள் பிள்ளைகளை எண்கள் காயப்படுத்தியது போதும். முதற்பாதிக்கு முதலில் பதில். இரண்டு ரோபோக்கள், ஐந்து ஓட்டங்கள். ஒன்று 40, 0, 40, 0, 40 எடுத்தது. மற்றது 22, 24, 25, 23, 26. இரண்டுக்கும் இடை 24. இடையை மட்டும் பார்க்கும் பிள்ளை இரண்டும் ஒன்று என்பாள். இடையத்தைப் பார்த்தால் முதலாவது 40, இரண்டாவது 24. நியம விலகலைப் பார்த்தால் முதலாவது பேய், இரண்டாவது கோயில் மணி. எதைக் கூட்டாளியாக எடுப்பது? நாங்கள் முன்னணியில் இருந்தால் தடுமாறாத இரண்டாவதை. எதிரணி எங்களைவிடப் பலம் என்றால், சீராக ஆடித் தோற்பதைவிட முதலாவதை நம்பிப் பாய்வது மேல். இதை எக்ஸல் சொல்லித் தராது. எக்ஸல் கேள்வியைத் தெளிவாக முன்னே வைக்கும். விடை பிள்ளையின் புத்தி. கூட்டுப்புள்ளியைப் பிரிக்கும் அந்தச் சமன்பாட்டுக்கும் குருட்டுப் பக்கம் உண்டு: தான் புள்ளி எடுக்காமல் எதிராளியை மறித்து நின்ற ரோபோவின் உழைப்பு அதில் விழாது. ஆகவேதான் கண்ணால் பார்த்த குறிப்பு நிரல் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். முப்பது நிரல் போட்டு ஒன்றையும் உருப்படியாக நிரப்பாத தாள்களையும் கண்டிருக்கிறேன். இரண்டரை நிமிடத்தில் ஒரு பிள்ளையால் நாலைந்து விடயத்துக்கு மேல் ஒழுங்காகக் கவனிக்க ஏலாது. அது அளவு தெரியாமல் செய்த குற்றம். தாளின் மேல் பழி போட வேண்டாம்.

இரண்டாம் பாதி, காயம். இதை இந்த நாட்டில் யாரும் எனக்கு விளக்கத் தேவையில்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியில் தொடங்கும் அது. 2001இலிருந்து பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியில் தொங்குகிறது. கலை தவிர்ந்த துறைகளில் திறமைக்கு 40, மாவட்டத்துக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்ற பங்கீட்டில் எங்கள் அம்பாறை பின்தங்கிய 16 மாவட்டங்களில் ஒன்று. 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தாரையும் புதிய பாடத்திட்டத்தாரையும் ஒரே கூட்டமாக வைத்து இசட் புள்ளி கணித்தார்கள். வெவ்வேறு தாள் எழுதிய இரு கூட்டத்துக்கு ஒரே இடை, ஒரே நியம விலகல். 2012இல் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லும்வரை எத்தனை வீடுகளில் நித்திரை இல்லை!

ஆனால் அந்த வழக்கிலிருந்து நாம் கற்க வேண்டியது எண்ணைக் கண்டு ஓடுவதையா? அந்தக் கணக்கில் பிழை இருக்கிறது என்று கண்டுபிடித்தவர்களும் கணக்குத் தெரிந்தவர்கள்தான். இடை என்றால் என்ன, எந்தக் கூட்டத்தின் இடை, யாரை யாரோடு சேர்த்தார்கள் என்று கேட்கத் தெரிந்ததால்தான் நீதிமன்றப் படி ஏற முடிந்தது. பரீட்சையில் எங்கள் பிள்ளை வேறு யாரோ தயாரித்த தாளில் ஒரு வரி. எந்த நிரல் வேண்டும், எது கணக்கில் சேராது என்பதை அவளைக் கேட்டு யாரும் முடிவு செய்யவில்லை. ரோபோ மண்டபத்தில் முதல்முறையாக அவள் நிரலுக்குப் பெயர் வைக்கிறாள். எது அளக்கத் தக்கது என்று முடிவெடுக்கிறாள். தன் எண் தவறிப்போவதையும் கண்ணால் பார்க்கிறாள். பிற்காலத்தில் வெட்டுப்புள்ளி என்றும் நிவாரணப் பட்டியல் என்றும் ஒரு அலுவலகம் அவள் முன் தாளை நீட்டும்போது, எந்த நிரலில் பிழை என்று விரல் வைத்துக் காட்டும் துணிவு இப்படித்தான் வரும். எண்ணால் காயப்பட்ட சமூகத்தின் பிள்ளைக்கு எண்ணைக் கையாளும் வேலையை மறுப்பது அவளைக் காப்பாற்றுவதாகுமா?

ஆகவே அணிகளைக் கூட்டிப்போகும் ஆசிரியர்களிடம் கேட்பது: அடுத்த போட்டிக்குப் போகும்போது குறைந்தது இரண்டு பிள்ளைகளை முழு நாளும் களத்தைப் பார்க்க விடுங்கள், ரோபோவுக்குப் பக்கத்தில் ஆறு பேர் நின்று ஒருவர் கையை ஒருவர் மறிப்பதில் ஒரு பயனுமில்லை. போட்டி நடத்துபவர்களிடமும் கேட்க ஒன்று இருக்கிறது. கொழும்பிலும் மொறட்டுவையிலும் நடத்துபவர்களும் சரி, இந்த ஏ4 வீதியிலேயே ஒலுவிலில் பொறியியல் பீடம் வைத்திருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தார் நாளை நடத்தினாலும் சரி, வென்றவர் பெயரோடு நிறுத்த வேண்டாம். ஒவ்வோர் அணியின் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் நேரம், புள்ளி, நின்ற இடம் ஆகியவற்றை ஒரே கோப்பாகப் போட்டி முடிந்த அன்றே எல்லாப் பாடசாலைக்கும் அனுப்புங்கள். நடுவர்கள் இவற்றை எப்படியும் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். அந்தக் கோப்பைத் திறந்து வாசிக்கத் தேவையான விரிதாள் பாடம் சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடநூலில் ஏற்கெனவே இருக்கிறது.